இன்னும் அனல்மின் நிலையங்கள் கட்ட வேண்டுமா? தமிழ்நாட்டின் மின்சாரக் கணக்கு

விருதை_மாணவன்

வணக்கம். பொருளாதாரத்தில் முதுகலை படிக்கிறேன். வளரும் நாடு ஒன்று வளர்ச்சிக்கும் சுற்றுச்சூழலுக்கும் நடுவே எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று வகுப்பில் பெரிய வாக்குவாதம் நடந்தது. இந்தியாவில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 யூனிட்தான் செலவாகிறது, உலகச் சராசரி அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், அதனால் நிலக்கரி வேண்டாம் என்று சொல்லும் வசதி நமக்கு இல்லை என்றது ஒரு தரப்பு. 2070க்குள் நிகர பூஜ்ஜியம், அதாவது திரும்ப உறிஞ்சும் அளவுக்கு மேல் கரிமப் புகை விடுவதில்லை என்று 2021ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் வாக்குக் கொடுத்துவிட்டு இப்படிப் பேசலாமா என்றது மற்றொரு தரப்பு. இரண்டையும் கேட்டு எனக்கு ஒன்றும் தெளியவில்லை.

நம் மாநிலத்தை வைத்தே கேட்கிறேன். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. உடன்குடியிலும் எண்ணூரிலும் தலா 1,320 மெகாவாட்டில் புதிய அனல்மின் நிலையங்கள் எழும்புகின்றன. காற்றாலையில் மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவியிருக்கும் மாநிலத்துக்கு இவை தேவையா? இந்தத் துறைகளில் வேலை பார்ப்பவர்கள், இவற்றின் பக்கத்தில் வசிப்பவர்கள் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோவை_லேத்து

தேவை. 2012ல் எங்கள் பக்கம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது. சென்னைக்கு இரண்டு மணி நேரம். ஃபவுண்டரியும் பம்ப்செட் பட்டறையும் வைத்திருந்தவர்கள் டீசல் ஜெனரேட்டருக்கே சம்பாதித்தார்கள். டீசல் புகை மட்டும் சுற்றுச்சூழலுக்கு நல்லதா? வேலையை விட்டுப் பீகாருக்கும் ஒடிசாவுக்கும் திரும்பிப் போன பையன்களுக்கு யாரும் கருத்தரங்கு நடத்தவில்லை. முதலில் கரண்ட் வரட்டும், மற்றதைப் பிறகு பேசலாம்.

நொய்யல்கரை

லேத்து அண்ணா, உங்கள் கோபம் நியாயமானது. அந்த ஆண்டுகளில் நானும் திருப்பூரில்தான் இருந்தேன். ஆனால் “மற்றதைப் பிறகு பேசலாம்” என்பதை மட்டும் ஏற்க முடியாது. அப்படிப் பிறகு என்று தள்ளிய ஊர் எங்கள் ஊர்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் போய்ச் சேரும் நொய்யலில் சாயப்பட்டறைக் கழிவு எத்தனையோ ஆண்டுகள் அப்படியே ஓடியது. பாசனத்துக்கென்று 1992ல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். அந்த அணை சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாகப் போனது. தண்ணீர் பாய்ந்த வயலில் உப்புப் பூத்தது, தென்னை காய்ந்தது, கிணற்றுத் தண்ணீரை மாடுகூடக் குடிக்க மறுத்தது. தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகளே நீதிமன்றம் போனார்கள். அணைத் தண்ணீர் வேண்டாம் என்று பாசன விவசாயி வழக்குப் போட்ட ஊர் வேறு எங்கே இருக்கிறது? கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஒரே மூச்சில் மூடப்பட்டன. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றதற்கு விலை, ஓர் ஊரின் தொழிலே நின்றது. அந்த அடியில் மீளாத சிறு பட்டறைக்காரர்கள் பலர்.

அதற்குப் பிறகு ஏற்பட்டதுதான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்ற முறை. பொது சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன், அதனால் அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பட்டறையிலிருந்து கருநீலமாகவோ சிவப்பாகவோ வரும் தண்ணீரை முதலில் நுண்ணுயிர்த் தொட்டியில் விட்டு, வடிகட்டி, ஆர்.ஓ. சவ்வுகள் வழியாக அழுத்தித் தள்ளுகிறோம். பெரும்பகுதி நல்ல தண்ணீராகப் பட்டறைக்கே திரும்பிப் போகிறது. மிஞ்சுவது கடும் உப்புக் கரைசல். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்புப் போட்டே ஆக வேண்டும், அந்த உப்புதான் இது. இதை ஆவியாக்கும் கலத்தில் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கிறோம். சோடியம் சல்பேட்டாகப் பிரிவது மீண்டும் பட்டறைக்குப் போகிறது. பிரியாத கலப்பு உப்பு மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறது. அதை எங்கே கொண்டுபோவது என்பதற்கு இன்றுவரை உருப்படியான வழி இல்லை.

மாணவத் தம்பிக்கு நான் காட்ட விரும்புவது இதைத்தான். ஆற்றைக் காப்பாற்ற நாங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையும் மின்சாரத்தையும் விறகையும் தின்கிறது. ஆர்.ஓ. பம்புகள் இரவு பகலாக ஓடுகின்றன, கொதிகலன் ஒரு மணி நேரம்கூட ஆறுவதில்லை. அதாவது நொய்யல் சுத்தமாவதற்கு எங்கேயோ நிலக்கரி எரிய வேண்டியிருக்கிறது. மின்சாரம் ஒரு பக்கம், சுற்றுச்சூழல் ஒரு பக்கம் என்று நிறுத்திப் பேசினால் எங்கள் நிலையத்தை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?

எண்ணூர்_கழிமுகம்

நொய்யல்கரை அண்ணன் “எங்கேயோ” என்று எழுதிய இடத்தில் நாங்கள் குடியிருக்கிறோம்.

ஒடிசாவின் தால்சேரிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் எண்ணூர். இதுதான் நிலக்கரி வரும் பாதை. அந்தக் கரியில் மூன்றில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் மேல், வெறும் சாம்பல். உலர்ந்த சாம்பலில் ஒரு பகுதி சிமென்டுக்கும் செங்கலுக்கும் போகிறது. மிச்சத்தைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் கொசஸ்தலையாற்றின் மீதும் சதுப்பின் மீதும் போகின்றன. உடைகிறபோதெல்லாம் சாம்பல் நேராக ஆற்றில் விழுகிறது. நிலையத்தின் வெந்நீரும் அதே ஆற்றுக்குத்தான் வருகிறது.

நான் மீனவர் வீட்டுப் பெண். ஆற்றில் கை போட்டால் சேறு வரவேண்டும். எங்கள் பக்கம் சிமென்ட் குழைத்ததுபோலச் சாம்பல் வருகிறது. இறால் சேற்றைத் துளைத்து இருக்கும் உயிர். இருளர் பெண்கள் தண்ணீருக்குள் உட்கார்ந்தபடி கையால் தடவியே இறால் பிடித்து இடுப்புப் பறியில் போடுவார்கள். சாம்பல் இறுகிய தரையில் எதைத் தடவுவது? முன்பு படகு போன இடத்தில் இப்போது இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. மடவை மீன் குறைந்துவிட்டது. நண்டை அறுத்தால் உள்ளே சாம்பல் நிறம். சந்தையில் “எண்ணூர் மீனா?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துபோகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய 450 மெகாவாட் நிலையத்தை 2017ல் மூடினார்கள். வட சென்னையில் 630, 1,200, வல்லூரில் 1,500 என்று ஏற்கெனவே நிற்கின்றன. 2024ல் இன்னொரு 800 சேர்ந்தது. இப்போது மேலும் 1,320. பசுமைத் தீர்ப்பாயம் 2022ல் கழிமுகத்தைச் சீர்செய்யச் சொல்லியும் ஆயிற்று. கோவை லேத்து அண்ணாவுக்கு 2012ல் கரண்ட் வரவில்லை என்பது உண்மை. அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக் கூரையில் சாம்பல் விழாமல் இருக்கவில்லை என்பதும் உண்மை. தமிழ்நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். அதற்கான கழிவு ஏன் திரும்பத் திரும்ப ஒரே ஆற்றில் விழ வேண்டும்?

கோவை_லேத்து

சகோதரி, உங்கள் ஊரை நினைத்து நான் எழுதவில்லை. ஆனாலும் கேட்கிறேன், இந்த நிலையங்களை நிறுத்தினால் இரவு எட்டு மணிக்கு எங்கள் மெஷின் எதில் ஓடும்?

சுமைபகிர்வு_ஓய்வு

லேத்துத் தம்பி கேட்டதுதான் சரியான கேள்வி. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைசிக் காலம் சுமை பகிர்வில், அதாவது எந்த நிலையம் எப்போது எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பார்க்கும் பிரிவில், கழிந்தது. எத்தனை மெகாவாட் இருக்கிறது என்பதை வைத்து அங்கே வேலை செய்ய முடியாது. எந்த மணிக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை வைத்துத்தான் செய்ய முடியும்.

கோடையில் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பகல் பதினொன்று முதல் மூன்று வரை சூரிய மின்சாரம் குவிகிறது. அந்த நேரத்தில் அனல்மின் நிலையத்தை அணைத்துவிட முடியாது. ஏறத்தாழ 55 சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் கொதிகலன் நிலையாக எரியாது. முழுக்க அணைத்துக் குளிரவிட்டால் மறுபடி ஏற்ற பல மணி நேரம் பிடிக்கும். மாலை ஆறரைக்குச் சூரியன் போய்விடும். அதே நேரத்தில் வீடுகளில் விளக்கும் ஏசியும் ஏறும். அந்த ஓரிரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான மெகாவாட்டைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். புதிய அனல்மின் நிலையம் வேண்டும் என்று கேட்பவர்கள் இந்த மாலை நேரத்துக்காகத்தான் கேட்கிறார்கள்.

காற்று வேறு வகை. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களில் மே கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் வரை வீசும். ஜூலையில் ராத்திரி இரண்டு மணிக்கும் கொட்டும், யாருக்கும் தேவையில்லாத நேரத்தில். அப்போது காற்றாலையை நிறுத்தச் சொல்லிப் போன் போகும். தை, மாசியில் அதே காற்றாலைகள் சும்மா நிற்கும். ஆகவே 10,000 மெகாவாட் காற்றாலை இருக்கிறதே என்ற மாணவரின் கணக்கு ஆண்டில் நான்கைந்து மாதத்துக்குத்தான் செல்லும்.

இதற்கு வழி இல்லையா என்றால், இருக்கிறது. பாதி நம் கையிலேயே இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை நிலத்தடி மின் நிலையம், 400 மெகாவாட், 1987ல் வந்தது. மின்சாரம் மிஞ்சும்போது கீழே ஆழியாறு மேலணைத் தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கலாம். அந்தக் காலத்தில் இரவில் ஏற்றினோம். இன்று நண்பகலில் ஏற்றி மாலையில் இறக்க வேண்டும். நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம் 500 மெகாவாட்டுக்கு வருகிறது, வர வேண்டிய காலத்தைத் தாண்டி நெடுநாளாயிற்று. இதற்கெல்லாம் காட்டிய அவசரம், புதிய நிலக்கரி நிலையங்களுக்குக் காட்டிய அவசரத்தில் கால்வாசிகூட இல்லை என்பது என் ஆதங்கம்.

இரண்டாவது, விவசாய மின்சாரம். 1990 வாக்கில் எல்லா விவசாயிக்கும் இலவசம் ஆனது, இன்று இருபது லட்சத்துக்கு மேல் இணைப்பு. இலவசத்தைப் பற்றி நான் சண்டை போட வரவில்லை. பாசன மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரத்தை எந்த நேரத்தில் கொடுக்கிறோம் என்று மட்டும் கேட்கிறேன். ராத்திரியில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மோட்டார் போடப் போய்ப் பாம்பு கடித்தவர்கள் எத்தனை பேர்! பாசன இணைப்புகளுக்குத் தனி மின்பாதை போட்டு, சூரியன் உச்சியில் இருக்கும்போது மும்முனை கொடுத்தால் பாம்பும் கடிக்காது, பகலில் மிஞ்சும் மின்சாரமும் வீணாகாது, இரவுச் சுமையும் குறையும்.

மூன்றாவது, முப்பந்தலில் போய்ப் பாருங்கள். நாட்டிலேயே சிறந்த காற்று வீசும் இடத்தில் தொண்ணூறுகளில் நட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் நிற்கின்றன. இன்று ஓர் இயந்திரம் 2,000, 3,000 கிலோவாட். பழையதை எடுத்துப் புதியதை வைக்க 2024ல் மாநில அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. ஒரே பண்ணையில் பத்து முதலாளிகள், நிலம் யாருடையது, தூண் எங்கே, கம்பி எங்கே என்று தகராறு, அதனால் வேலை நகரவில்லை.

உடன்குடி, எண்ணூர் பற்றிக் கேட்டீர்கள். கடன் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பதைப் பாதியில் விட்டால் மின்சாரம் இருக்காது, வட்டி மட்டும் இருக்கும். முடிக்கட்டும். ஆனால் 1979 முதல் ஓடும் தூத்துக்குடிப் பழைய அலகுகளை அதே நாளில் மூட வேண்டும். அதற்குமேல் ஒரு நிலக்கரி நிலையமும் வேண்டாம். இதுவே என் நிலைப்பாடு.

எண்ணூர்_கழிமுகம்

ஐயா, நீங்கள் எழுதியதில் பெரும்பகுதியைப் படித்து மகிழ்ந்தேன். கடைசிப் பத்தியை மட்டும் ஏற்க மாட்டேன். தூத்துக்குடியில் மூடுவதாகச் சொல்கிறீர்கள், எண்ணூரில் முடிக்கட்டும் என்கிறீர்கள். வட்டியைக் கணக்கில் எழுதினீர்கள், ஆற்றை எழுதவில்லை. சாம்பல் குழாய்களை முழுக்க மாற்றி, ஆற்றில் படிந்ததை வாரி எடுத்த பிறகே புதிய அலகு ஓடலாம் என்று ஏன் நிபந்தனை போடக்கூடாது?

சுமைபகிர்வு_ஓய்வு

போடலாம் அம்மா, போட வேண்டும். அந்த நிபந்தனையோடு என் வரியைச் சேர்த்துப் படியுங்கள். வட்டியை மட்டும் எழுதி ஆற்றை விட்ட கணக்கு முழுக்கணக்கு ஆகாது, அதை மறுக்க மாட்டேன்.

பணம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2014க்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை மின்கட்டணம் உயரவில்லை. உயராதது மக்களுக்கு நல்லது என்று எல்லாக் கட்சியும் நினைத்தது. 2017ல் மின்வாரியக் கடனைக் குறைக்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் 22,815 கோடி ரூபாய்க் கடனை மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது, அப்புறமும் கடன் வளர்ந்தது. கையில் காசில்லாத நிர்வாகம் எதை முதலில் தள்ளிப்போடும்? குழாய் மாற்றுவதையும் கழிவைக் கட்டுப்படுத்துவதையும்தான். கந்தகப் புகையைக் குறைக்கும் கருவி பொருத்த வேண்டும் என்று மத்திய அரசு 2015ல் விதி போட்டது. கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கட்டாயத்தையே தளர்த்திவிட்டார்கள். யூனிட் விலையில் சேராத செலவு மறைந்துவிடுவதில்லை. எண்ணூரில் மீனவர் கொடுக்கிறார், நெய்வேலியில் விவசாயி கொடுக்கிறார்.

கரிசல்காடு

நெய்வேலி என்றதும் 2023 ஜூலைதான் நினைவுக்கு வருகிறது. வளையமாதேவியில் கதிர் பிடித்த நெல்லுக்குள் பழுப்பு நிலக்கரி எடுக்கும் என்.எல்.சி. நிறுவனத்தின் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. அறுவடை வரை பொறுத்திருக்க முடியாதா என்று உயர் நீதிமன்றமே கேட்டது. நிலம் முன்பே கையகப்படுத்தியது, இழப்பீடும் கொடுத்தாயிற்று என்பது நிறுவனத்தின் பதில். சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். விளைந்த பயிரின் மேல் இயந்திரத்தை ஏற்ற மனம் எப்படி வருகிறது?

நான் எழுத வந்தது வேறு. இங்கே எல்லோரும் சூரிய மின்சாரம் என்றால் யாருக்கும் தொல்லை இல்லை என்பதுபோல் பேசுகிறீர்கள். கமுதியில் 2016ல் வந்த 648 மெகாவாட் பூங்கா சுமார் 2,500 ஏக்கரில் பரந்திருக்கிறது. அதாவது ஒரு மெகாவாட்டுக்கு நான்கு ஏக்கர். ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் “தரிசு நிலம்தானே” என்று சொல்லிச் சொல்லியே வாங்குகிறார்கள். தரிசு என்று பட்டாவில் இருக்கும். அந்த நிலத்தில்தான் கீதாரிகள் ஆடு மேய்த்தார்கள், மழைக்குப் பின் அங்கேதான் கிடை போட்டார்கள். சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்து விற்றுச் சோறு தின்ற நிலமற்ற குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கருவேலம் நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். அவர்களுக்கு அதுதான் கூலி. வேலி போட்ட மறுநாள் அந்தக் கூலி போயிற்று. நிலத்தின் சொந்தக்காரர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லாததால் இழப்பீட்டிலும் இல்லை.

எங்கள் ஊரில் தரகர்கள் வந்து ஏக்கரை அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள், கைமாறிக் கைமாறி ஒரு நிறுவனத்திடம் போனது. ஊருக்குக் கண்மாய்த் தண்ணீர் கொண்டுவந்த ஓடையில் பாதி இப்போது வேலிக்குள் இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் வேலியோரமாகச் சுற்றி ரோட்டில் ஓடுகிறது. தகடு கழுவ வரும் தண்ணீர் லாரி மட்டும் தவறாமல் வருகிறது.

நான் சூரிய மின்சாரத்தை எதிர்ப்பவன் இல்லை. விற்காமல் குத்தகைக்கு விட்டிருந்தால் இருபத்தைந்து ஆண்டுகள் வாடகை வந்திருக்கும். மத்திய அரசின் குசும் திட்டத்தில் விவசாயி தன் நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை சூரியத் தகடுகளைத் தானே வைத்து மின்சாரம் விற்க 2019ல் வழி வந்தது. ஐந்தாறு பேர் சேர்ந்தால் முடிகிற காரியம். வங்கிக்குப் போனால் அடமானம் கேட்கிறார்கள், துணைமின் நிலையத்தில் இடம் இல்லை என்கிறார்கள். பெரிய நிறுவனத்துக்கு 2,500 ஏக்கருக்குக் கிடைத்த கம்பிப்பாதை எங்களுக்கு எட்டு ஏக்கருக்குக் கிடைக்கவில்லை.

விருதை_மாணவன்

கரிசல்காடு அண்ணா, கீதாரிகள் பற்றி வகுப்பில் ஒருவர்கூடப் பேசவில்லை. சூரிய மின்சாரம் யூனிட் இரண்டரை ரூபாய்க்கு வந்துவிட்டது, நிலக்கரியை அது தானாக வெளியேற்றிவிடும் என்பதுதான் எங்கள் பாடம். அந்த இரண்டரை ரூபாயில் ஓடையும் மேய்ச்சலும் இல்லை, நிலக்கரி யூனிட்டில் கொசஸ்தலையாறு இல்லை. அப்படியானால் எது மலிவு என்று ஒப்பிடுவதே இப்போதைக்கு அரைகுறைதான் என்று தோன்றுகிறது.

நொய்யல்கரை அண்ணனிடம் ஒரு கேள்வி. உங்கள் நிலையத்தின் சுமையைப் பகலுக்கு மாற்ற முடியுமா?

நொய்யல்கரை

நல்ல கேள்வி. ஆர்.ஓ. பகுதியை ஓரளவு மாற்றலாம். பெரிய சேமிப்புத் தொட்டி இருந்தால் மாலையில் வரும் தண்ணீரைத் தேக்கிவைத்து மறுநாள் பகலில் ஓட்டலாம். ஆவியாக்கும் கலத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்ட முடியாது, உப்பு உள்ளே பாறையாக இறுகிவிடும்.

ஆனால் பகலுக்கு மாற்றினால் எங்களுக்கு என்ன லாபம் என்று பாருங்கள். உயர் அழுத்த இணைப்புக்குக் காலை ஆறரை முதல் பத்தரை வரையும், மாலை ஆறு முதல் பத்து வரையும் உச்ச நேரம் என்று 25 சதவீதம் கூடுதல் கட்டணம். மாலைக்குப் போடுவது புரிகிறது. காலை ஒன்பது மணிக்குச் சூரியன் மேலே வந்துவிட்டதே, அப்போதும் ஏன் கூடுதல்? நண்பகலுக்குச் சலுகை கொடுத்தால் நாளைக்கே தொட்டி கட்ட முதலாளிகள் முன்வருவார்கள். இங்கே பலர் உடுமலை, பூளவாடிப் பக்கம் சொந்தக் காற்றாலை வைத்திருப்பவர்கள், மின்கணக்கு அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம்.

கோவை_லேத்து

எங்களைப் போன்ற சிறிய பட்டறைக்கும் இது பொருந்தும். 2023ல் நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் எதிர்த்து ஒருநாள் உற்பத்தியை நிறுத்திப் போராடினோம். நண்பகலில் விலை குறையும் என்றால் ஹீட் ட்ரீட்மென்ட் உலையை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்வேன். லேத்தை மாற்ற முடியாது, ஆள் எட்டு மணி நேரம்தான் நிற்பார். அனல்மின் நிலையம் வேண்டவே வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை. ஆனால் இருக்கிற கரண்டை நேரம் பார்த்துப் பயன்படுத்தினால் எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பார்த்துவிட்டுப் புதியது கட்டட்டும்.

சுமைபகிர்வு_ஓய்வு

மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணம் மாற்றும்போதெல்லாம் பொதுமக்கள் கருத்துக் கேட்கும். தொழிற்சங்கங்கள் கட்டாயம் போகும், மீனவர்களும் கீதாரிகளும் போய் நான் பார்த்ததில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒரே மனுவாகக் கொடுப்போம். நண்பகல் சலுகை, பாசனத்துக்குப் பகல் மும்முனை, காடம்பாறையைப் பகலில் இயக்குவது, இந்தப் பகுதியை நான் எழுதுகிறேன். சாயப்பட்டறைச் சுமைக் கணக்கை நொய்யல்கரைத் தம்பி கொடுக்கட்டும்.

எண்ணூர்_கழிமுகம்

சாம்பல் குழாய் மாற்றும் செலவையும், ஆற்றைத் தூர்வாரும் செலவையும் உற்பத்திச் செலவில் சேர்த்துக் காட்ட வேண்டும் என்ற பகுதியை எங்கள் கிராமப் பெண்களோடு உட்கார்ந்து நான் எழுதுகிறேன். புதிய அலகு பற்றிய என் எதிர்ப்பைத் தனியாகப் பதிவு செய்வேன், அதில் ஐயாவோடு நான் உடன்படவில்லை.

கரிசல்காடு

எட்டு ஏக்கர்க்காரனுக்குத் துணைமின் நிலையத்தில் இடம் ஒதுக்குவது, நீரோடையை வேலிக்கு வெளியே விடுவது, குத்தகை ஒப்பந்தம், இவை என் பொறுப்பு. மேய்ச்சல்காரர்களின் பெயர்ப் பட்டியல் எடுக்க மாணவத் தம்பி விடுமுறையில் இந்தப் பக்கம் வந்தால் கூட்டிக்கொண்டு போகிறேன்.

விருதை_மாணவன்

வருகிறேன் அண்ணா. தேர்வு முடிந்த வாரமே வருகிறேன். எந்த ஊரில் இறங்க வேண்டும் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.